திருட்டும் தீங்கும்: மன்னிப்பது எப்போது, வழக்குத் தொடுப்பது எப்போது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பீரோவில் வைத்த நகை காணாமல் போகிறது. கடையில் வேலை பார்த்தவர் கல்லாவில் கை வைத்துவிடுகிறார். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கியவர் ஃபோனை அணைத்துவிடுகிறார். இடத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டிவிடுகிறார். இப்படி ஒன்று நடந்த அன்று இரவே நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு எழும். "போலீஸ், கோர்ட் என்று அலையாதே, சபூர் செய், அல்லாஹ்விடம் விட்டுவிடு" என்பார்கள் சிலர். "கட்டிவைத்து நாலு சாத்து சாத்தினால் உண்மை தானாக வரும்" என்பார்கள் வேறு சிலர்.

இந்த இரண்டு பேச்சுமே மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் நடக்கும். ஆனால், பாதிக்கப்பட்டவரை வாய் மூடச் சொல்வதையும் மார்க்கம் சொல்லவில்லை. சட்டத்தைக் கையில் எடுப்பதையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது, நாம் வாழும் நாட்டின் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அல்லாஹ்வின் உரிமை, அடியார்களின் உரிமை

உரிமைகளை ஃபிக்ஹு அறிஞர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். தொழுகை, நோன்பு போன்றவை ஹக்குல்லாஹ், அதாவது அல்லாஹ்வுக்குரிய கடமைகள். ஒருவருடைய உயிர், உடல், பொருள், மானம் ஆகியவை ஹக்குல் இபாத், அதாவது அடியார்களுக்குரிய உரிமைகள். அடியார் உரிமையில் கை வைத்தவர், இறைவனிடம் அழுது தவ்பா செய்வதோடு வேலை முடிந்துவிடாது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது பாதிக்கப்பட்டவரின் மன்னிப்பைப் பெற வேண்டும்.

தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வரும் ஒருவர், இவரைத் திட்டியவராகவும் அவரை அடித்தவராகவும் இன்னொருவர் பொருளைத் தின்றவராகவும் இருந்தால், அவருடைய நன்மைகளெல்லாம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிடப்பட்டு அவர் திவாலாகி நிற்பார் என்ற கருத்தில் வரும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அடியார் உரிமை எவ்வளவு கனமானது என்பதற்கு இதுவே போதும்.

திருட்டில் இந்த இரண்டு உரிமைகளும் கலந்திருக்கின்றன. பறிபோன பொருள், உடைமையாளரின் உரிமை. திருட்டுக்கான தண்டனை, சமூகத்தின் பாதுகாப்புக்காக இறைவன் விதித்த வரம்பு. மன்னிப்பு எதுவரை செல்லும் என்ற கேள்விக்கான விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

நீதி கேட்பது பாவமல்ல

அஷ்ஷூரா அத்தியாயத்தின் 39 முதல் 43 வரையிலான வசனங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அநீதிக்கு ஆளானவர்கள் தங்களைக் காத்துக்கொள்வதை அந்த வசனங்கள் இறைநம்பிக்கையாளர்களின் பண்புகளில் ஒன்றாகச் சொல்கின்றன. தீமைக்கு ஈடு அதே அளவுதான் என்று எல்லை வகுக்கின்றன. மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்கின்றன. அடுத்தபடியாக, அநீதி இழைக்கப்பட்ட பின் உரிமையைக் கேட்பவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்றும் சொல்கின்றன.

மன்னிப்பு உயர்ந்தது, நீதி கேட்பது அனுமதிக்கப்பட்டது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை பாதிக்கப்பட்டவருடையது. பக்கத்தில் நிற்பவர்கள் ஆலோசனை சொல்லலாம். அவருக்குப் பதிலாக மன்னிக்க முடியாது. "நீ மன்னிக்காவிட்டால் உன் ஈமானில் குறை" என்று ஒரு பெண்ணிடமோ, ஏழையிடமோ, அனாதையிடமோ சொல்வதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

முஸ்லிம் அல்லாத நீதிபதி இருக்கும் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நபித்துவத்துக்கு முன் மக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. ஸபீத் பகுதியிலிருந்து சரக்கு கொண்டுவந்த ஒரு வியாபாரிக்கு, ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் பணம் தர மறுத்தார். அந்த வியாபாரி மக்கள் முன் முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநீதிக்கு ஆளானவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்து, அவருடைய உரிமையை வாங்கிக் கொடுத்தார்கள். இதுவே ஹில்ஃபுல் ஃபுழூல். நபி (ஸல்) அவர்கள் இளமையில் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள். மக்காவில் கொடுமைக்கு ஆளான ஸஹாபாக்களை நீதியான அரசர் என்ற காரணத்துக்காகவே கிறிஸ்தவரான நஜ்ஜாஷியின் நாட்டுக்கு அனுப்பினார்கள். நியாயமான உரிமையை அது கிடைக்கும் இடத்தில் கேட்பதில் தவறில்லை என்பதற்கு இவை போதுமான முன்மாதிரிகள்.

மன்னிப்புக்கும் ஒரு நேரம் உண்டு

ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் தம் மேலாடையோடு உறங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் அதைத் திருடினார். அவர் பிடிபட்டு நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனை அறிவிக்கப்பட்டதும் ஸஃப்வானுக்கு மனம் இளகியது. அந்த ஆடையை அவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே இதைச் செய்திருக்கக் கூடாதா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இச்சம்பவம் பதிவாகியிருக்கிறது.

மக்ஸூம் குலத்துப் பெண் ஒருவர் திருடியபோது, உயர்குடிப் பெண் என்பதால் அவருக்காகப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். பெரிய இடத்து ஆள் திருடினால் விட்டுவிடுவதும் எளியவர் திருடினால் தண்டிப்பதுமே முந்தைய சமுதாயங்களை அழித்தது என்று எச்சரித்தார்கள். தம் மகள் ஃபாத்திமாவே செய்திருந்தாலும் சட்டம் மாறாது என்றும் அறிவித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி.

விவகாரம் அதிகாரத்திடம் போகும் முன், பொருளுக்கு உரியவர் மன்னிக்கலாம், மறைத்துவிடலாம், சமாதானம் செய்யலாம். போன பின் ஹத்துத் தண்டனையில் சிபாரிசுக்கு இடமில்லை என்பதை இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் அறிஞர்கள் எடுத்தார்கள். முதல் முறை தவறிய ஒருவர் வெட்கப்பட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டால் அவரை மறைத்துவிடுவது சிறப்பு. தொழிலாகவே திருடுபவரை மறைத்தால் அடுத்த வீட்டுக்குச் செய்யும் அநீதியாகிவிடும்.

தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு?

திருட்டுக்கான ஹத்துத் தண்டனைக்கு ஃபிக்ஹில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார், ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹம் என்று பொருளின் குறைந்தபட்ச மதிப்பு வரையறுக்கப்பட்டிருக்கிறது. பொருள் பாதுகாப்பான இடத்தில் இருந்திருக்க வேண்டும். சந்தேகம் சிறிதும் இருக்கக் கூடாது. தந்தை மகன் பொருளை எடுத்தால் இந்தத் தண்டனை கிடையாது. பஞ்ச காலத்தில் உமர் (ரலி) அவர்கள் இத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இதை நிறைவேற்றும் அதிகாரம் ஆட்சியாளருக்கு மட்டுமே உரியது. தனி நபருக்கோ, ஊர்க் கூட்டத்துக்கோ, ஜமாஅத் நிர்வாகத்துக்கோ அது கிடையாது. பிடிபட்டவரைக் கட்டிவைத்து அடிப்பது, மொட்டையடிப்பது, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்புவது எல்லாம் மார்க்கத்தில் அநீதி. நாட்டுச் சட்டத்தில் குற்றம். அடித்ததில் அவர் இறந்துவிட்டால், பொருளைப் பறிகொடுத்தவரே கொலை வழக்கில் நிற்க நேரிடும்.

காவல் நிலையத்தில் செய்ய வேண்டியவை

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். சாதாரணத் திருட்டு, நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவில் வருகிறது; 3 ஆண்டு வரை சிறை உண்டு. வீடு புகுந்து திருடினால் 305-ஆவது பிரிவு; வேலைக்காரரோ ஊழியரோ முதலாளியின் பொருளைத் திருடினால் 306-ஆவது பிரிவு. இவ்விரண்டிலும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நம்பிக் கொடுத்ததைக் கையாடல் செய்வது 316-ஆவது பிரிவிலும், மோசடி 318-ஆவது பிரிவிலும் அடங்கும்.

1. புகாரை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், இடம், பொருளின் விவரம், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். காவலர் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். அப்படித் தந்தால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

2. எங்கள் எல்லையில் வராது என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 173-ஆவது பிரிவு சொல்கிறது.

3. தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீது தருவார்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யும்படி கேளுங்கள். அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

4. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. அதுவரை காத்திருக்க நேரிடலாம்.

5. பதிவு செய்ய மறுத்தால், புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால், உறுதிமொழிப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம்.

6. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அத்தகைய வழக்கில் முதல் முறை குற்றவாளி பொருளைத் திரும்பக் கொடுத்தால் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையே தண்டனை. தவறியவர் திருந்த வழிவிடும் ஏற்பாடு இது.

7. நகை மீட்கப்பட்டால், வழக்கு முடியும்வரை அது நீதிமன்றத்திலேயே கிடக்க வேண்டியதில்லை. படம் எடுத்து, விவரம் பதிந்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. வழக்கறிஞர் மூலம் நடுவரிடம் மனு செய்யுங்கள்.

8. நாள் கடத்த வேண்டாம். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு ஓராண்டும், 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவற்றுக்கு 3 ஆண்டும் காலவரம்பு உண்டு. ஆன்லைன் பண மோசடியில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

திருமணத்தின்போது பெண் வீட்டார் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம். மஹரும் அவளுடையதே. அவளுடைய உடைமைகளைக் கணவர் வீட்டார் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகலாம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. இதைக் "குடும்ப விஷயம்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

எதில் சமரசம் செய்யலாம், எதில் கூடாது?

நாட்டுச் சட்டமும் சில குற்றங்களில் சமரசத்துக்கு இடம் வைத்திருக்கிறது. சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆவது பிரிவு அவற்றைப் பட்டியலிடுகிறது.

சாதாரணத் திருட்டு, சிறு காயம், மிரட்டல் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் தாமாகவே சமாதானமாகலாம். ஊழியர் செய்த திருட்டு, நம்பிக்கை மோசடி, பணம் பறித்த ஏமாற்று போன்றவற்றில் நீதிமன்றத்தின் அனுமதியோடு சமாதானமாகலாம். முறைப்படி சமாதானமானால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றவராகக் கருதப்படுவார். ஆகவே, புகார் கொடுத்துவிட்டால் மன்னிக்கவே முடியாது என்று அஞ்ச வேண்டாம். பொருள் திரும்பி, மனம் இரங்கினால், சமரசத்தை நீதிமன்றத்திலேயே பதிவு செய்யலாம்.

வீடு புகுந்து திருடுவது, கொள்ளை, கொலை, பாலியல் வன்கொடுமை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. கொலை, பாலியல் வன்கொடுமை, கூட்டுக் கொள்ளை போன்ற கடுமையான குற்றங்களில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் தனிக் குற்றங்கள்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் நம் மஹல்லாக்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். தராதவருக்கு 6 மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளிக்கூடம், மத்ரஸா, விடுதி எதுவாக இருந்தாலும் இதில் வேறுபாடு இல்லை. ஊர் மானம், மத்ரஸாவின் பெயர், உஸ்தாதின் கண்ணியம் என்று சொல்லி ஒரு பிள்ளையின் கண்ணீரை மூடி மறைப்பது மார்க்கம் சொல்லும் மறைத்தல் அல்ல. தன் பாவத்தையோ, வெட்கப்பட்டுத் திருந்தியவரின் சறுக்கலையோ மறைப்பதற்குத்தான் அந்த நபிமொழிகள் ஆதாரம். பிள்ளைகளைக் குறிவைப்பவரை மறைத்தால் அடுத்த பிள்ளையை நாமே அவர் கையில் ஒப்படைத்தவர்களாவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பெற்றோரும் மனத்தில் வைத்திருங்கள்.

ஜமாஅத்தின் பணி

சமாதானம் செய்துவைப்பது பெரும் நன்மை. கடன், பாகப் பிரிவினை, வாய்ச் சண்டை போன்றவற்றை ஜமாஅத் பேசித் தீர்த்தால் இரு குடும்பங்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் ஜமாஅத் நீதிமன்றம் அல்ல. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்தியது. பள்ளிவாசல் வளாகத்தில் நீதிமன்றம் போன்று மன்றங்கள் இயங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அபராதம் விதிப்பதும், ஊர்விலக்கம் செய்வதும், போலீசுக்குப் போகாதே என்று தடுப்பதும் ஜமாஅத்தின் வேலையல்ல.

அநீதி இழைப்பவருக்கும் அநீதி இழைக்கப்பட்டவருக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அநீதி இழைப்பவரைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்றும் விளக்கினார்கள். பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையம் வரை துணைக்குப் போவது, மனு எழுத உதவுவது, சாட்சி சொல்லத் தயங்குபவரை ஊக்குவிப்பது ஆகியவை ஜமாஅத் செய்யக்கூடிய பெரிய சேவைகள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்ற கருத்து அல்பகராவின் 283-ஆவது வசனத்தில் உண்டு.

புகார் கொடுப்பவர் பேண வேண்டியவை

நீதி கேட்கும் நாம் அநீதி செய்துவிடக் கூடாது. மதீனாவில் ஒரு கவசம் திருடு போனது. திருடியவரின் குலத்தார் தங்கள் ஆளைக் காப்பாற்ற, பழியை ஒரு யூதர் மீது போடப் பார்த்தார்கள். அந்த யூதர் குற்றமற்றவர் என்பதைத் தெளிவாக்கி, அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆவது வசனத்திலிருந்து சில வசனங்கள் இறங்கியதாக முஃபஸ்ஸிர்கள் குறிப்பிடுகிறார்கள். தன்னவர் என்பதற்காகப் பொய்க்குத் துணை போவதும், அன்னியர் என்பதற்காகப் பழி சுமத்துவதும் இந்த வசனங்களுக்கு நேர் எதிரானவை. வீட்டில் பொருள் தொலைந்தவுடன் வேலைக்கார அம்மாவின் பையைத் துழாவும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆதாரம் இல்லாத சந்தேகத்தைப் பெயராக எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். விசாரிப்பது போலீசின் வேலை.

ஐந்து பவுன் போனதைப் பத்து பவுன் என்று எழுதுவதும் உண்டு. பேச்சுத் திறமையால் மற்றவர் உரிமையைத் தீர்ப்பாகப் பெறுபவர் நரக நெருப்பின் துண்டையே பெறுகிறார் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை இவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பொய்ப் புகார் தருவது நாட்டுச் சட்டத்திலும் தண்டனைக்குரியது.

திருடனைக் கண்டுபிடிக்கப் பால் கிதாபு பார்ப்பதும் மை போட்டுப் பார்ப்பதும் இன்னும் ஒழியவில்லை. குறி சொல்பவரிடம் போய்க் கேட்பவரின் 40 நாள் தொழுகை ஏற்கப்படாது என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. குறிகாரர் சொன்ன ஒரு பெயரால் உறவுகள் முறிந்து, குற்றமற்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் திருடர் என்று அழைக்கப்படும் கொடுமையும் நேர்கிறது. அந்தப் பணத்தில் வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்டலாம். கேமரா பதிவு இருந்தால் அழியாமல் பாதுகாத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஊர்க் குழுக்களில் பரப்பாதீர்கள்.

கோபத்தில் வழக்குத் தொடுக்க வேண்டாம். பயத்தில் வழக்கை விடவும் வேண்டாம். பொருள் போனவர், திருடியவரின் நிலை, அடுத்தவருக்கு வரக்கூடிய ஆபத்து ஆகிய மூன்றையும் பாருங்கள். திருந்த வாய்ப்புள்ளவரை, சட்டம் இடம் தரும் இடத்தில் மன்னியுங்கள். அவதூறு பரப்பியவர்களில் ஒருவரான மிஸ்தஹுக்கு உதவியை நிறுத்திய அபூபக்கர் (ரலி) அவர்கள், இறைவசனம் இறங்கியதும் மீண்டும் உதவத் தொடங்கினார்கள். அது தன் உரிமையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை. பிறருக்கு ஆபத்தானவரைச் சட்டத்தின் முன் நிறுத்துங்கள். அதுவும் சமூகத்துக்குச் செய்யும் நன்மைதான். வழக்கு நடக்கும் காலத்திலும் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி மக்களை ஏசாதீர்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

அநீதி செய்வதிலிருந்தும் அநீதிக்குத் துணை போவதிலிருந்தும் நம் குடும்பங்களை அல்லாஹ் காப்பானாக! நீதியின் பக்கம் நிற்கவும், மன்னிக்கும் இடத்தில் மன்னிக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.